ஜிக் ஹெட் வாங்கும்போது முதலில் முள்ளைப் பாருங்கள்: பெங்களூரு தூண்டில்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன மாசி மாதம், ஹொசகோட்டைப் பக்கம் ஓர் ஏரி. காலை ஆறரை மணி இருக்கும். கோரைப்புல் ஓரமாக ஒரு ரப்பர் மீனை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தேன். கரைக்குப் பத்தடி தூரத்தில் தண்ணீர் ஒரு புரள் புரண்டது, ராடு வில்லாக வளைந்தது. நல்ல விரால். மூன்று விநாடி, நான்கு விநாடி, அப்புறம் தூண்டில் நரம்பு தளர்ந்து தண்ணீர் மேல் விழுந்தது. சுற்றி எடுத்துப் பார்த்தேன். நரம்பு அறுபடவில்லை, முடிச்சும் அப்படியே இருந்தது. கேள்விக்குறி போல வளைந்திருக்க வேண்டிய முள் மட்டும் குடைக்கம்பி மாதிரி நிமிர்ந்து நின்றது.

ஈயத் தலை வைத்த அந்த முள்ளை, அதாவது ஜிக் ஹெட்டை, அதன் அழகைப் பார்த்து வாங்கியிருந்தேன். பச்சை வண்ணம், சிவப்புக் கண், பளபளப்பு. அன்று கூட வந்திருந்த அல்சூர் பெரியவர், நாற்பது வருடமாகத் தூண்டில் போடுகிறவர், நிமிர்ந்த முள்ளை வாங்கி விரலால் ஒரு முறை வளைத்தார். ஈயக்கம்பி போல வளைந்து அப்படியே நின்றது. “தம்பி, மீன் வாயில போறது முள்ளு. நீ தலையைப் பார்த்து வாங்கியிருக்கே” என்றார்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். ஜிக் ஹெட் என்பது ஈயத்துக்குள் தண்டைப் புதைத்து வார்த்த ஒரு முள். ரப்பர் இரை கிழிந்தால் மாற்றலாம், நரம்பு நைந்தால் மாற்றலாம். ஈயத்துக்குள் புதைந்த முள்ளை மட்டும் மாற்ற முடியாது. ஆகவே நீங்கள் காசு கொடுப்பது முள்ளுக்கு. ஈயம் அதன் கூடவே வருகிறது, அவ்வளவுதான்.

பாஸ் மீனுக்குச் செய்ததை விராலுக்கு வாங்குகிறோம்

கடையில் தொங்கும் ஜிக் ஹெட்களில் பெரும்பாலானவை லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீனை மனதில் வைத்து உருவானவை. அதன் சொந்த ஊர் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ், கிட்டத்தட்ட 10 கிலோ, பல பத்தாண்டுகள் உலக சாதனையாக நின்றது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதற்குச் சமமாகப் பதிவானது. ஜப்பானுக்கு பாஸ் போய்ச் சேர்ந்ததே 1925இல்தான், ஆஷினோகோ ஏரியில் விட்டார்கள். பழைய தூண்டில் முள் கைத்தொழில் இருந்த நாட்டில் பாஸ் பிடிக்கும் ஆசையும் சேர்ந்துகொண்டதால், இன்று நல்ல முள் என்றாலே கமகாட்சு, ஓனர் என்று ஜப்பான் பெயர்கள் வாயில் வருகின்றன. நார்வேயின் முஸ்டாட், பிரான்ஸின் வி.எம்.சி. ஆகியவையும் அதே வரிசையில் வைக்கத்தக்கவை.

டெக்சாஸில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனைப் பார்க்கப் போனபோது நானே பாஸ் பிடித்திருக்கிறேன். பெங்களூரில் பலருக்கு அப்படி ஒரு வாய்ப்பு அமைகிறது. அலுவலக வேலையாகவோ பிள்ளைகளைப் பார்க்கவோ போகும் ஊரில், வீட்டுக்குப் பின்னாலேயே பாஸ் இருக்கும் குளம் ஒன்று இருக்கும். அதனால் இரண்டு மீன்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வித்தியாசம் வாயில் இருக்கிறது. பாஸ் வாயைச் சட்டென்று விரித்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி உள்ளே இழுக்கும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். கண் இமைக்கும் அந்த நேரத்தில் எங்காவது தொற்றிக்கொள்கிற அளவுக்கு முனை கூர்மையாக இருக்க வேண்டும். விரால் அப்படி இல்லை. பாய்ந்து கவ்வும், பல்லால் இறுக்கிப் பிடிக்கும், பிடித்ததும் புரண்டு புல்லுக்குள்ளோ சேற்றுக்குள்ளோ தலையை நுழைக்கும். அதன் வாய் எலும்பு கெட்டி. ஆகவே விராலுக்குக் கூர்மையோடு பலமும் வேண்டும். பாஸுக்குப் போதுமான மெல்லிய முள் விராலிடம் நிமிர்ந்துபோவது இதனால்தான். என் முள் அதைவிடவும் மோசம். அது எந்த மீனுக்கும் லாயக்கில்லாத மென்கம்பி.

படி 1: எந்தத் தண்ணீர் என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போகும் முன் ஏரியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெங்களூரைச் சுற்றியுள்ள ஏரிகளில் கரையிலிருந்து வீசும் தூரத்துக்குள் பெரும்பாலும் ஆழம் குறைவு, அடியில் வண்டல், ஓரமெல்லாம் கோரை, ஆகாயத்தாமரை. கிருஷ்ணராஜ சாகர் மாதிரி அணையில் கல்லும் ஆழமும் காற்றும் இருக்கும். இந்த இரண்டுக்கும் ஒரே ஜிக் ஹெட் ஆகாது.

தூண்டில் போட அனுமதி இருக்கிறதா என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். பல ஏரிகளில் மீன் உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரைக் கேட்டு, அவர் கேட்கும் தொகையைக் கொடுத்துவிட்டு உட்காருவதுதான் மரியாதை. காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடக் கூடாது. அங்கே இருக்கும் திமில் மகசீர், உலகில் காவிரி ஆற்றுப் படுகையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத மீன். 2018இல் அழிவின் விளிம்பில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

படி 2: முள்ளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்ற எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தாலும் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலில் முனை. இடது கட்டைவிரல் நகத்தின் மேல் முள் முனையைச் சாய்வாக வைத்து, அழுத்தம் கொடுக்காமல், மெதுவாக இழுங்கள். நல்ல முனை நகத்தில் உடனே கடித்துக்கொண்டு நின்றுவிடும். சுமாரான முனை சறுக்கிக்கொண்டே போகும். மிக மோசமானது நகத்தில் வெள்ளைக் கோடு கூடப் போடாமல் வழுக்கும். ஒரு பாக்கெட்டில் பத்து இருந்தால் பத்தையும் இப்படிப் பார்க்கலாம், ஒன்றுக்கு இரண்டு விநாடிதான் ஆகும். கெமிக்கலி ஷார்ப்பண்டு என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அமிலக் கரைசலில் முக்கி மேற்பரப்பைக் கரைத்து முனையைக் கூராக்குகிற முறை அது. அரத்தால் தேய்த்ததைவிட சீரான முனை கிடைக்கும். ஆனால் அட்டையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், நகத்தை நம்புங்கள்.

அடுத்து, முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்கு. பார்ப் என்பார்கள். பெரிதாக இருந்தால் மீன் கழன்று வராது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய பார்ப் உள்ள முள் உள்ளே இறங்கவே அதிக வேகம் வேண்டும். விராலின் கெட்டி வாயில் பாதி இறங்கி நிற்கும் முள்தான் கழன்று விழும். சின்ன பார்ப், நீண்டு மெலிந்த முனை என்று இருந்தால் நல்லது. பிடித்த மீனைத் திரும்ப விடுகிறவர்கள் பிளையரால் பார்ப்பை அழுத்தித் தட்டையாக்கிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். நரம்பைத் தளரவிடாமல் வைத்தால் மீன் போகாது. விரலில் குத்தினாலும் எளிதாக வந்துவிடும்.

மூன்றாவது, கம்பியின் பதம். இதைக் கடையில் பார்க்க முடியாது. ஒன்று வாங்கி வீட்டில் பாருங்கள். ஒரு மரப்பலகையில் முள் முனையைக் குத்தி ஊன்றுங்கள், ஈயத் தலையைப் பிளையரால் பிடித்து மெதுவாக இழுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இது விளையாட்டில்லை. நல்ல முள் கொஞ்சம் விரிந்து, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். மென்மையான முள் விரிந்தபடியே நிற்கும். பதம் அதிகமாகிவிட்ட முள் விரியாமல் டக்கென்று ஒடியும். எஃகைச் சூடாக்கிக் குளிர்விக்கும் விதத்தில்தான் இந்த மூன்றும் வேறுபடுகின்றன. கொல்லன் அரிவாளுக்குப் பதம் வைக்கிறானே, அதே வேலை. ஹை கார்பன் எஃகு என்று எழுதியிருந்தாலும் பதம் தவறினால் பயனில்லை. ஒரு ஜிக் ஹெட்டை இப்படிப் பலி கொடுத்தாலும், மீதி ஒன்பதைப் பற்றி உறுதி கிடைக்கிறது.

நான்காவது, கம்பியின் தடிமன். மெல்லிய கம்பி லேசான இழுப்புக்கே உள்ளே இறங்கும். தடித்த கம்பிக்கு ராடை வேகமாகத் தூக்கி அடிக்க வேண்டும். மெல்லிய ராடு, மெல்லிய மோனோ நரம்பு (ஒற்றை நைலான் இழை) வைத்திருப்பவர் தடித்த முள் வாங்கினால் மீன் வாயில் முள் இறங்காது. கெட்டி ராடில் பிரெய்டு நரம்பு (பல இழைகளைப் பின்னியது) போட்டிருப்பவர் மெல்லிய முள் வாங்கினால் அது நிமிரும். பிரெய்டு இழுபடாது, விசை அத்தனையும் முள்ளுக்கே போய்ச் சேரும். அட்டையில் 2 எக்ஸ், 3 எக்ஸ் என்று போட்டிருப்பது கம்பியின் பலத்தை அந்தக் கம்பெனியின் சாதாரண முள்ளோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஒரு கம்பெனியின் 2 எக்ஸ் இன்னொரு கம்பெனியின் சாதாரண முள்ளாக இருக்கலாம். பக்கவாட்டில் தட்டையாக அடித்திருக்கிறார்களா என்றும் வளைவைத் தடவிப் பாருங்கள். அப்படி அடித்த முள் அதே தடிமனில் கூடுதல் பலம் தரும்.

படி 3: அளவும் வாயும்

முள் எண்கள் புதிதாக வருகிறவரைக் குழப்பும். 10, 8, 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று போகும்போது எண் கூடக் கூடப் பெரிதாகும். அதாவது 2ஐவிட 2/0 பெரியது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் 3/0 இன்னொருவரின் 4/0 அளவுக்கு வரும். எனவே எண்ணை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் ரப்பர் இரையைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

இரையை முள்ளின் பக்கத்தில் படுக்க வைத்துப் பாருங்கள். வால் ஆட்டும் ரப்பர் மீன் என்றால், அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் முள் வெளியே வர வேண்டும். அதற்கும் பின்னால் போனால் வால் ஆடாது. முன்னாலேயே வெளிவந்தால் வாலைக் கடிக்கும் மீன் தப்பும். அடுத்து, இரையின் முதுகுக்கும் முள் முனைக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். குறைந்தது இரையின் தடிமன் அளவு இடைவெளி இருக்கட்டும். தடித்த ரப்பர் முள்ளின் வாயை, அதாவது தண்டுக்கும் முனைக்கும் நடுவே உள்ள இடத்தை, அடைத்துக்கொண்டால் மீனின் தாடை உள்ளே போக இடமே இருக்காது. கடித்தது, இழுத்தது, போய்விட்டது என்று திரும்பத் திரும்ப நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

தோராயமாகச் சொன்னால், இரண்டரை அங்குல இரைக்கு 1 அல்லது 1/0, மூன்று அங்குலத்துக்கு 2/0 அல்லது 3/0, நான்கு அங்குலத்துக்கு 3/0 அல்லது 4/0, ஐந்து அங்குலத்துக்கு 5/0. குளத்து விராலுக்கு நான் அதிகம் பயன்படுத்துவது மூன்றரை அங்குல ரப்பர் மீனும் 3/0 முள்ளும்.

படி 4: எடை

வெளிநாட்டுப் பாக்கெட்டில் அவுன்ஸ் கணக்கு இருக்கும். 1/16 அவுன்ஸ் ஏறத்தாழ 1.8 கிராம், 1/8 என்றால் 3.5, 1/4 என்றால் 7, 3/8 என்றால் 10.5, 1/2 என்றால் 14 கிராம். ராடின் கைப்பிடிக்கு மேல் எத்தனை கிராம் வரை வீசலாம் என்று அச்சடித்திருப்பார்கள். ரப்பர் இரையின் எடையையும் கூட்டித்தான் அந்தக் கணக்கு. 7 கிராம் ஜிக் ஹெட்டில் 6 கிராம் ரப்பர் மாட்டினால் வீசுவது 13 கிராம்.

எடை குறைவாக இருந்தால் இரை மெதுவாக இறங்கும், மீன் பார்த்து முடிவெடுக்க நேரம் கிடைக்கும். அதனால் அடியைத் தொடக்கூடிய மிகக் குறைந்த எடையைத் தேர்ந்தெடுங்கள். வீசிய பின் இரை தண்ணீரில் விழுந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். நரம்பு தளர்ந்தால் அடியைத் தொட்டுவிட்டது. ஆளுயரத் தண்ணீரில் இரண்டு எண்ணுவதற்குள் விழுந்தால் எடை அதிகம். எட்டு எண்ணியும் விழுந்த மாதிரித் தெரியவில்லை என்றால் ஒரு படி ஏற்றுங்கள். காற்று அடித்தாலும் ஏற்ற வேண்டும், ஏனென்றால் காற்று நரம்பைத் தூக்கிக்கொண்டு போகும்.

வண்டல் ஏரிகளில் 14 கிராம் போட்டால் இரை சேற்றில் புதையும். 3.5லிருந்து 7 கிராம் வரை போதும். அணைக்கட்டில் மதகு ஆழத்துக்கு 10, 14 கிராம். நாள் முழுக்க பெரிய எடையை வீசித் தோள் வலியோடு வீடு திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் எடையைப் பாதியாகக் குறைத்திருந்தால் மீனும் கிடைத்திருக்கும்.

படி 5: தலையின் வடிவமும் காதும்

உருண்டைத் தலை எல்லா இடத்துக்கும் ஓரளவு ஒத்துவரும். முதலில் வாங்க வேண்டியது அதுதான். அகலவாட்டில் உருண்ட ஃபுட்பால் தலை கல் அடித்தளத்தில் ஆடி ஆடி நகரும், பள்ளத்தில் எளிதில் சிக்காது. நம் சேற்று ஏரிகளில் அதற்கு வேலையில்லை. மூக்குக் கூர்ந்த நீச்சல் தலை புல்லைப் பிளந்துகொண்டு வரும். அடி தட்டையான காளான் தலை தரையில் இரையைக் குத்திட்டு நிறுத்தும். கான்சஸைச் சேர்ந்த நெட் கேடி என்ற எழுத்தாளரின் பெயரால் நெட் ரிக் என்று வழங்கும் முறைக்கு இந்தத் தலைதான். சின்ன இரை, மெல்லிய முள், லேசான எடை. அமெரிக்கக் குளத்தில் பாஸ் கடிக்காத நாளில் இது கைகொடுக்கும்.

நரம்பைக் கட்டும் வளையம், அதாவது முள்ளின் காது, தலையில் எங்கே நிற்கிறது என்று பக்கவாட்டில் பாருங்கள். தண்டுக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் நின்றால் தூக்கித் தூக்கிப் போட வசதி. ஆனால் புல்லில் வந்தால் காதுக்கும் தலைக்கும் நடுவே உள்ள மூலையில் பாசி சேர்ந்துகொள்ளும். காது மூக்கு நுனிக்கு அருகில், 30 டிகிரிக்குச் சாய்ந்து நின்றால் நரம்பும் தலையும் ஒரே கோட்டில் வரும், பாசி வழுக்கிப் போகும். 60 டிகிரி இரண்டுக்கும் நடுவே. கோரை ஓரத்தில் வீசுகிறவர் 30 டிகிரி கேட்டு வாங்குங்கள்.

காதின் வளையம் முழுவதும் மூடியிருக்கிறதா என்பதைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். மயிரிழை இடைவெளி இருந்தாலும் மெல்லிய பிரெய்டு அதில் நுழைந்து அறுந்துபோகும். வண்ணம் காதை அடைத்திருந்தால் வாங்கலாம், கோணி ஊசியால் குத்தி எடுத்துவிடலாம். ஆனால் ஓரத்தில் பிசிறு மிச்சம் இருந்தால் முடிச்சை அறுக்கும். துணி ஓட்டிச் சுத்தம் செய்துவிட்டுக் கட்டுங்கள்.

படி 6: புல்லுக்குள் போட வேண்டுமென்றால்

திறந்த முள்ளோடு ஆகாயத்தாமரைக்குள் வீசினால் வீசுகிற ஒவ்வொரு முறையும் ஒரு கட்டு இலை வரும். இங்கே இரண்டு வழி. தலையிலிருந்து முள் முனைக்கு நேராக நார்க்கற்றை நீட்டியிருக்கும் ஜிக் ஒன்று. அந்த நாரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். லேசான அழுத்தத்துக்கே மடங்கி முனை விரலில் பட வேண்டும். விறைப்பாக இருந்தால் மீனும் முனையைத் தொடாது. கத்தரியால் சில இழைகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. காதுக்குக் கீழே இரண்டு மடிப்பு மடிந்த ஆஃப்செட் முள்ளில் ரப்பரை மாட்டி, முனையை ரப்பரின் முதுகுத் தோலுக்குள் லேசாகப் புதைத்துவிடுவது. முள்ளுக்கு முன்னால் நரம்பில் தோட்டா வடிவ எடையைக் கோத்தால் அது டெக்சாஸ் ரிக். முள்ளின் தண்டிலேயே எடை வார்த்து வருவதும் உண்டு. விராலுக்கு இது மிகவும் ஏற்றது. வாய் அகலமான முள்ளாக எடுங்கள், ஏனென்றால் மீன் கடித்ததும் ரப்பர் கீழே நசுங்கி ஒதுங்க இடம் வேண்டும். இங்கே முள்ளும் எடையும் தனித்தனி என்பதால் நல்ல முள்ளை மட்டும் தரமாக வாங்கி, எடையை மலிவாக வாங்கிக்கொள்ளலாம். கையில் காசு குறைவாக இருக்கும் மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

படி 7: ரப்பரைப் பிடித்து நிறுத்தும் பகுதி

தலைக்குப் பின்னால் தண்டைச் சுற்றியிருக்கும் ஈயக் காலரில் சின்ன முட்கள், அல்லது மெல்லிய கம்பிக் கொக்கி, அல்லது திருகுச் சுருள் இருக்கும். ஈயக் காலர் தடித்திருந்தால் மெல்லிய ரப்பரைப் பிளந்துவிடும். கம்பிக் கொக்கி ரப்பரைக் கெடுக்காது. விரால் இரண்டு முறை கவ்வினாலே ரப்பர் சரிந்து கீழே வரும் என்பதால், நான் மாட்டும்போதே காலரில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு ஒட்டிவிடுகிறேன்.

படி 8: கடையில் கடைசியாக ஒரு சுற்று

தலையை ஒரு கையிலும் முள்ளை மறு கையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். முள் ஈயத்துக்குள் ஆடினால் அங்கேயே திருப்பி வைத்துவிடுங்கள். மேலிருந்து பாருங்கள், முள் தலையின் நடுக்கோட்டில் நேராகப் போக வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் இரை தண்ணீரில் படுத்துக்கொண்டு நீந்தும். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஈயப் பிசிறு இருந்தால் அது அலட்சியமான வார்ப்பு. பிரபலமான பெயர்களில் போலிகள் வருவதால், அட்டையில் எழுத்து மங்கலாகவோ பெயரில் ஓர் எழுத்து மாறியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். நகச் சோதனை செய்யக் கடைக்காரரைக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். “அண்ணா, ஒண்ணு பிரிச்சுப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டே தொடுங்கள்.

டங்ஸ்டன் தலை வாங்கலாமா என்று கேட்பார்கள். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டனுக்கு 19.3. அதே எடைக்குத் தலை சிறிதாகும், கெட்டியாக இருப்பதால் அடியில் கல்லில் பட்டதும் கைக்குத் தெரியும். விலையோ பல மடங்கு. சேற்று ஏரியில் அந்த உணர்வுக்குப் பயனில்லை. கல் நிறைந்த அணைக்கு மட்டும் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் பெட்டியில் என்ன வைப்பது

உருண்டைத் தலை, 3/0 முள், 3.5 கிராமில் ஐந்து, 7 கிராமில் ஐந்து. ஆஃப்செட் முள் 3/0, 4/0 இரண்டிலும் ஒவ்வொரு பாக்கெட். 5, 7 கிராமில் தோட்டா எடை சில. மூன்றரை அங்குல ரப்பர் மீன் இரண்டு நிறம்: கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு, தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி. இவ்வளவு போதும். அமெரிக்கா போகிறவர் இதோடு 1 அல்லது 1/0 முள் உள்ள 2.5 கிராம் காளான் தலை சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே அந்தந்த மாநிலத்தின் மீன்பிடி உரிமம் எடுப்பது பெரும்பாலும் கட்டாயம், சில மாநிலங்களில் சிறிய ஈய எடைகளுக்குத் தடையும் உண்டு.

ஈயமும் துருவும்

ஈயம் நஞ்சு. அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் பிரிட்டன் 1987இலேயே சிறிய ஈயத் தூண்டில் எடைகளுக்குத் தடை போட்டது. பிளவு ஈயத்தை (நடுவில் பிளவுள்ள சின்ன ஈயக் குண்டு) பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள், பிளையர் பயன்படுத்துங்கள். ஏரிக்கரையில் பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் கைக்கு ஜிக் பெட்டி எட்டக் கூடாது. வீட்டு அடுக்களையில் ஈயம் உருக்கி வார்க்கவே வேண்டாம்.

விரலில் முள் பார்ப் வரை இறங்கிவிட்டால் பிடுங்கி இழுக்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள், டெட்டனஸ் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். வீசும்போது கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்வது நல்லது, கூட நிற்பவருக்கும் சேர்த்துத்தான்.

ஆடி, ஆவணியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம் குஞ்சுகள் மேலே வந்து வந்து போவதைப் பார்த்தால், கீழே தாய் விராலும் தந்தை விராலும் காவல் இருக்கின்றன. அந்த நேரத்தில் எது எதிரே வந்தாலும் அவை பாயும், பிடிப்பது எளிது. பிடித்தால் அத்தனை குஞ்சும் போகும். அந்த இடத்தை விட்டு இருபதடி தள்ளிப் போய் வீசுங்கள்.

வீடு திரும்பியதும் பயன்படுத்திய ஜிக் ஹெட்களை நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் பரப்பி வையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்ட ஒரு முள் பக்கத்தில் உள்ள அத்தனையையும் துருப்பிடிக்க வைத்துவிடும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஜிக் பெட்டிக்குள் போட்டு வைக்கலாம். அடுத்த முறை கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் மறுபடி நகத்தில் இழுத்துப் பாருங்கள். கல்லில் பட்டு முனை மழுங்கியிருந்தால் மெல்லிய வைர அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்துச் சரிசெய்யலாம். முனை மடங்கியிருந்தால், அல்லது வளைவு ஒரு முறை விரிந்து நீங்கள் பிளையரால் திரும்ப வளைத்திருந்தால், அந்த ஜிக் ஹெட்டைத் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். வளைத்த இடத்திலேயே அது மறுபடி விரியும்.